மறதிக் குமாஸ்தா

கோர்ட்டுப் பக்கம் போனால் அவரைக் கோல்ஃப்காரர் என்பார்கள். கோல்ஃப் கிளப்புக்குப் போனால் வக்கீல் என்பார்கள். இரண்டு இடத்திலும் அவர் முழுசாகச் சேர்ந்தவர் இல்லை என்பதை இரண்டு இடத்துக்காரர்களும் இப்படி மரியாதையாகச் சொல்லிவந்தார்கள். அவருக்கு அது புரியாமல் இல்லை. கண்டும் காணாததுமாக இருந்துவிடுவார். நாம் அவரை வக்கீல் என்றே வைத்துக்கொள்வோம்.

பதினெட்டு வருஷம் கறுப்பு கோட்டு. அதற்குப் பிறகு பதினாறு வருஷம் எழுத்து. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பின்பக்கத்துக்கு முந்தின பக்கம் அவருடையது. கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்கூட அதைப் படித்தார்கள். மேடையில் பேசக் கூப்பிட்டால், தொழிலை விட்ட கதையைத்தான் முதலில் சொல்வார்.

"ஒரு நாள் காலையில கோட்டைப் போட்டுக்கப் போனேன். கை உள்ள போகலை. ஜன்னலைப் பாத்தேன். வெளிய புல் பச்சையா இருந்துச்சு. அப்படியே கோட்டைக் கழட்டி வெச்சுட்டு வந்துட்டேன்."

கை தட்டுவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, சரியாக அந்த இடம் வரும்போது குனிந்து கைப்பையில் எதையோ தேடத் தொடங்குவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவர். கூட்டத்தில் புருஷன் சொல்வது பொய் என்று தெரிந்த ஒரே ஆளும் அவர்தான்.

நடந்தது இதுதான்.

வக்கீலிடம் ஒரு குமாஸ்தா இருந்தார். அந்தக் கட்டிடத்தில் இருந்த அத்தனை வக்கீல்களும் வயிறெரியும் அளவுக்கு ஞாபகசக்தி உள்ளவர். எந்த வழக்கு எந்தத் தேதிக்குத் தள்ளிப்போயிருக்கிறது, எந்த நீதிபதிக்கு எந்த வார்த்தை பிடிக்காது, எந்தக் கட்சிக்காரரின் மாமனாருக்கு என்ன வியாதி என்பதெல்லாம் டைரியைப் பார்க்காமல் சொல்வார். பக்கத்து அறை வக்கீல்கள் வாசலில் நின்று, "உங்க குமாஸ்தாவைக் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன், என் கேஸ் என்னைக்குன்னு" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். வக்கீலுக்கு அதில் பெருமை உண்டு. வீட்டில் நல்ல கடிகாரம் இருந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு பெருமை.

அந்தச் சமயத்தில்தான் வக்கீலுக்குக் கோல்ஃப் பைத்தியம் பிடித்தது. மனைவியின் அண்ணன் பெரிய கம்பெனியில் மேலதிகாரி. அவர்தான் வக்கீலைக் கிளப்பில் சேர்த்துவிட்டார். பெரிய மனிதர்கள் பழக்கமாவார்கள், நல்ல வழக்குகள் வரும் என்று கணக்கு. வழக்கு ஒன்றும் பெரிதாக வரவில்லை. பைத்தியம் மட்டும் வந்தது. வாதம் பண்ணிக்கொண்டிருக்கும்போதே வலது கை தானாக மட்டை பிடிக்கும் கோணத்துக்குப் போய்விடும்.

ஒரு தையல்கார அம்மாவின் வழக்கு அவரிடம் இருந்தது. புருஷனை இழந்தவர். வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் தவணை. முப்பதாவது நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மனு தட்டச்சாகி மூன்று நாளாக மேஜைமேல் இருந்தது. வக்கீல் கையெழுத்துப் போடவேண்டியது ஒன்றுதான் பாக்கி. வியாழக்கிழமை சாயங்காலம் குமாஸ்தா பேனாவைத் திறந்து நீட்டினார்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடறேன். நாளைக்கு ஒரு மணிக்குள்ள வந்துடுவேன்" என்றார் வக்கீல்.

வெள்ளிக்கிழமை காலை மச்சானோடும் அவருடைய கம்பெனி ஆட்களோடும் ஆட்டம். ஒன்பது குழியோடு முடித்துக்கொள்வதாகத்தான் பேச்சு. ஒன்பதாவது குழியில் வக்கீல் முன்னணியில் இருந்தார். முன்னணியில் இருப்பவன் எப்படிப் பாதியில் போவான்? இன்னொரு ஒன்பது ஆடினார்கள். பதினாலாவது குழியில், காற்று எதிரே அடிக்க, அவர் அடித்த பந்து மேலே போய், நின்று, யோசித்து, குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி வந்து விழுந்தது. அன்று வரை அவர் வாழ்நாளில் அப்படி ஒரு அடி அடித்ததில்லை. அதற்கப்புறமும் அடித்ததில்லை.

போனைக் கையில் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போகக் கூடாது என்பது கிளப்பின் விதி. போன் லாக்கரில் அடித்துக்கொண்டே கிடந்தது. குமாஸ்தா இரண்டு பஸ் மாறி, ஃபைலை மழைத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளப் வாசலுக்கே வந்துவிட்டார். உறுப்பினர் இல்லாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்றார் காவல்காரர். குமாஸ்தா ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அது வரவேற்பறையில் ஒரு தட்டுக்குப் போய், அங்கேயே இருந்தது. உட்கார இடமில்லை. வெயிலில் நின்றார். கோர்ட்டில் மனு வாங்கும் ஜன்னலை நாலரைக்கு மூடிவிடுவார்கள். வக்கீல் வெளியே வந்தபோது நாலரை தாண்டிவிட்டது.

தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போடலாம். ஆனால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீல் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார் என்று எழுத முடியுமா? சனிக்கிழமை முழுதும் யோசித்து, திங்கட்கிழமை காலையில் ஒரு சத்தியப் பத்திரத்தைக் குமாஸ்தா முன்னால் வைத்தார். ஃபைலை வேறு அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனதாகக் குமாஸ்தா சத்தியம் செய்வதாக அதில் இருந்தது.

"ஒரு சம்பிரதாயம்தான்" என்றார் வக்கீல். "குமாஸ்தா மறக்கறதெல்லாம் உலகத்துல நடக்கறதுதான். கோர்ட்டும் கண்டுக்காது. அந்த அம்மாவோட வீடு போகாம இருக்கணும் இல்லையா?"

குமாஸ்தா பத்திரத்தைப் படித்தார். வழக்கு எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தது. பேனாவை எடுத்து அதைத் திருத்தி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார்.

கோர்ட் கண்டுகொண்டது. "உங்கள் குமாஸ்தாவின் மறதிக்கு எதிர்த்தரப்பு ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று நீதிபதி கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். மனு தள்ளுபடி. தையல்கார அம்மா மெஷினை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனார். அவருடைய தங்கை சும்மா இருக்கவில்லை, வக்கீல் சங்கத்தில் புகார் கொடுத்தார். விசாரணையில் குமாஸ்தா மறுபடியும் அதையே சொன்னார். வக்கீலைக் கண்டித்து விட்டுவிட்டார்கள். ஆனால் தப்பு செய்த ஆளை வைத்துக்கொண்டிருந்தால் ஊர் என்ன சொல்லும்? "ஒரு ஆறு மாசம் வெளிய இருங்க. இது அடங்கட்டும், கூப்பிடறேன்" என்றார் வக்கீல்.

ஆறு மாதத்தில் கூப்பிடுவதற்கு அலுவலகமே இல்லாமல் போயிற்று. குமாஸ்தா இல்லாத வக்கீலுக்குத் தேதி தெரியவில்லை, ஃபைல் இருக்கும் இடம் தெரியவில்லை. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். குமாஸ்தாவும் நாலைந்து வக்கீல்களிடம் வேலை கேட்டுப் பார்த்தார். கோர்ட்டு வராந்தாவில் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டிருந்தது. மறதிக் குமாஸ்தாவை யார் வேலைக்கு வைப்பார்கள்?

வேலை வெட்டி இல்லாமல் வக்கீல் தினமும் கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். மச்சான்தான் கிளப் மலரைப் பார்த்துக்கொண்டவர். "பக்கம் நிரம்பலை மாப்பிள்ளை, நீங்க சும்மாதானே இருக்கீங்க, ஏதாவது எழுதுங்களேன்" என்றார். சொன்ன விதம் சுருக்கென்று குத்தியது. இருந்தாலும் வக்கீல் உட்கார்ந்து எழுதினார். வேலை நாளில் ஒரு வக்கீல் மைதானத்தில் என்ன பண்ணுகிறார் என்பதற்கு ஒரு சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். என் குமாஸ்தா மறதிக்காரர். ஒரு நாள் ஃபைலைக் கிளப்புக்கும் மட்டைப் பையைக் கோர்ட்டுக்கும் அனுப்பிவிட்டார். நீதிபதி முன்னால் பையைத் திறந்தால் உள்ளே ஏழாம் நம்பர் மட்டை. நீதிபதியும் ஆடுகிறவர், உற்றுப் பார்த்துவிட்டு, 'இந்த வழக்குக்கு இது எட்டாது, இன்னும் தூரம் போற அஞ்சாம் நம்பர் எடுங்க' என்றார்.

கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அது கைமாறி ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் போயிற்று. அவர் வாராவாரம் கேட்டார். இரண்டாவது வாரம் வக்கீல் ஒரு பெரிய போட்டியைப் பற்றி ஒழுங்காக எழுதினார். மூன்றாவது வாரம் ஆசிரியர், "குமாஸ்தா எங்க சார்?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு குமாஸ்தா இல்லாத வாரமே இல்லை. ஒரு ஓவியர் அவருக்கு உருவமும் கொடுத்தார். வழுக்கைத் தலை, நெற்றிமேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு கோல்ஃப் பந்து. முட்டை என்று நினைத்து அதை உரித்துக்கொண்டிருப்பார்.

முதல் புத்தகம் வந்த அன்று மனைவி அதைப் புரட்டிவிட்டு மூடினார்.

"இவர் எதைங்க மறந்தாரு?" என்றார்.

"இது கற்பனைப் பாத்திரம்மா. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்படியா? சரி."

அன்றிலிருந்து அவர் எழுதினதை மனைவி படிப்பதில்லை. சண்டை போட்டிருந்தால்கூட வக்கீல் ஏதாவது வாதாடியிருப்பார். அந்த 'சரி'க்கு என்ன வாதாடுவது?

இப்படியே பதினாலு வருஷம் ஓடிற்று. தேர்ந்தெடுத்த கட்டுரைகளைச் சேர்த்து 'மறதிக் குமாஸ்தாவும் நானும்' என்று ஒரு கனமான புத்தகம் போட ஆசிரியர் ஏற்பாடு செய்தார். திடீரென்று அவருக்கு ஒரு யோசனை. "சார், நிஜக் குமாஸ்தா உயிரோட இருக்காரா? மேடையில ஏத்திடலாம். பிச்சுக்கும்."

"எங்க இருக்காரோ, யாருக்குத் தெரியும்" என்றார் வக்கீல். உண்மையாகவே அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு அவர் கொஞ்சம் சிரமமும் எடுத்திருந்தார்.

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னார். மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பஸ் நிலையத்துக்குப் பின்னால, ரெண்டாவது தெரு. ஜெராக்ஸ் கடை. பதினோரு வருஷமா பரீட்சைப் பேப்பரெல்லாம் அங்கதான் காப்பி எடுக்கறேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

மறுநாள் காலை பத்து மணிக்கு வக்கீல் போனார். ஆறடி அகலக் கடை. இரண்டு மெஷின்கள். சூடான தாள் வாசனை. வாசலுக்கு நேரே, கண்ணாடிக்குப் பின்னால், பத்திரிகையில் வந்த அந்த வழுக்கைத் தலைப் படத்தைக் கத்தரித்துப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே குமாஸ்தா நின்று தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். தலைமுடி அடர்த்தியாக, பளீரென்று வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடி அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது.

"வாங்க சார்" என்றார், நேற்றுதான் பார்த்தது போல. "உட்காருங்க. நாப்பது பக்கம் இருக்கு, முடிச்சிடறேன்."

ஒரு கல்லூரிப் பெண் சான்றிதழை நீட்டிக்கொண்டே படத்தைப் பார்த்துச் சிரித்தாள். "தாத்தா, ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்க மறந்துடாதீங்க."

"முயற்சி பண்றேம்மா" என்றார் குமாஸ்தா. நாளைக்கு இருபது தடவை சொல்லித் தேய்ந்துபோன குரல்.

அவள் போனதும் வக்கீல் படத்தைக் காட்டி, "இது யாரு ஒட்டினது?" என்றார்.

"மாப்பிள்ளை. கடை அவரோடது. இதைப் பாக்கவே ஆளுங்க வராங்க, வியாபாரத்துக்கு நல்லதுன்னாரு."

மேடைக்குக் கூப்பிட வந்தவர், அந்தப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வாயைத் திறந்ததும் வேறு பேச்சு வந்தது. "புத்தகத்துக்கு முன்னுரை எழுதணும். அதுல உண்மையை எழுதிடலாம்னு இருக்கேன்."

"எந்த உண்மை சார்?"

"அன்னைக்கு நடந்தது."

குமாஸ்தா மெஷினை நிறுத்தினார்.

"அன்னைக்கு நான் பதினோரு தடவை போன் பண்ணேன். ரெண்டு அஞ்சுக்கு கேட்டுக்கு வந்தேன். ரெண்டு இருபதுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். நாலு நாப்பத்தேழுக்கு நீங்க வெளிய வந்தீங்க. வந்து, என்னைப் பாத்து முதல்ல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

வக்கீலுக்கு ஞாபகம் இல்லை.

"'குமாஸ்தா, இன்னைக்கு ஒரு அடி அடிச்சேன் பாருங்க'ன்னீங்க."

தெருவில் ஒரு பஸ் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது.

"அதைத்தான் எழுதப் போறேன்" என்றார் வக்கீல். "அப்படியே எழுதறேன்."

"எழுதினா என்ன ஆகும், யோசிச்சீங்களா? உங்களை, ஆகா எப்பேர்ப்பட்ட நேர்மை, எவ்வளவு தைரியமா ஒத்துக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. நான் சத்தியம் பண்ணது பொய்னு ஆகும். கோர்ட்லயும் பொய், சங்கத்துலயும் பொய். மறதிக்காரன்னு பேர் வாங்கியாச்சு. பொய்யன்னு வேற வாங்கணுமா, இந்த வயசுல?"

"உங்க வீட்டுல இருக்கறவங்களாவது..."

"என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசும்போது, ஏன் வேலை போச்சுன்னு கேட்டாங்க. மறந்துட்டேன், வேலை போச்சுன்னேன். அதைச் சொல்லித்தான் அவளை அனுப்பினேன். அவளும் அதையேதான் நம்பறா. இப்போ போய் மாத்திச் சொல்லச் சொல்றீங்களா?" குமாஸ்தா ஒரு கட்டுத் தாளைத் தட்டி நேராக்கினார். "ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. என்னை எழுதறதை நிறுத்துங்க. வேற எதுவும் வேண்டாம்."

சரி என்று சொல்ல வக்கீல் வாயெடுத்த நேரத்தில் மருமகன் உள்ளே வந்தார். ஆளை அடையாளம் தெரிந்ததும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எழுத்தாளரைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார். பேச்சுவாக்கில் வெளியீட்டு விழா காதில் விழுந்ததும், "மாமாவை மேடையில உட்கார வைப்பீங்களா சார்? எங்க வீட்டுல எல்லாரும் வருவோம்" என்றார். மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குமாஸ்தா மருமகன் முகத்தைப் பார்த்தார். அந்தக் கடையில் அவர் சம்பளக்காரரும் இல்லை, முதலாளியும் இல்லை.

"வரேன் சார்" என்றார்.

விழாவுக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. குமாஸ்தாவுக்கு நடு நாற்காலி. மகளும் மருமகனும் இரண்டாவது வரிசையில் புதுத்துணியில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் பேசி முடித்தபின் ஆசிரியர் மைக்கைக் குமாஸ்தாவிடம் நீட்டினார். "ஐயா, உங்க வக்கீலைப் பத்தி ரெண்டு வார்த்தை."

வக்கீலுக்கு உள்ளங்கை வேர்த்தது. எதிர்த்தரப்புச் சாட்சி கூண்டில் ஏறும்போதெல்லாம் அவருக்கு இப்படித்தான் வேர்க்கும். குமாஸ்தா எழுந்து நின்றார். அரங்கத்தை ஒரு முறை இடமிருந்து வலமாகப் பார்த்தார். மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். அப்படியே நின்றார்.

"பேசணும்னு வந்தேன்" என்றார். "மறந்துட்டேன்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. மருமகன் எழுந்து நின்று கை தட்டினார். மகள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசிரியர் மேஜையைத் தட்டினார். மேடையில் வக்கீலும் சிரித்துக்கொண்டிருந்தார். தான் சிரிப்பது கொஞ்சம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது. முன்வரிசையில் மனைவியின் நாற்காலி காலியாக இருந்தது. எப்போது எழுந்து போனார் என்று அவர் கவனிக்கவில்லை.

கைகழுவும் இடத்தில் வக்கீல் குமாஸ்தாவைத் தனியாகப் பிடித்தார்.

"இது கடைசி சார்."

"சத்தியமா இனிமே எழுத மாட்டேன்."

"சத்தியமெல்லாம் வேண்டாம். எழுதாம இருங்க, போதும்."

ஐந்து வாரம் எழுதாமல் இருந்தார். காற்றைப் பற்றி எழுதினார், மணல் குழியைப் பற்றி எழுதினார், புல் வெட்டும் உயரத்தால் ஆட்டம் எப்படி மாறும் என்று எழுதினார். இவை எல்லாமே அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயங்கள். சொல்லப்போனால் அந்த ஐந்து வாரம்தான் அவர் முதல்முறையாகக் கோல்ஃப் எழுத்தாளராக இருந்தார். ஆறாவது வாரம் ஆசிரியர் கூப்பிட்டார்.

"காத்து எந்தப் பக்கம் அடிச்சா யாருக்கு என்ன சார்? குமாஸ்தா எங்கன்னு தினம் கடிதம் வருது. எழுத முடியாதுன்னா, ஏன்னு ஜனங்களுக்குச் சொல்லணும் இல்ல? சும்மா காணாமப் போக முடியுமா?"

அந்த வாக்கியம் வக்கீல் மனதில் உட்கார்ந்துகொண்டது. இரண்டு நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இனிமேல் எழுதக் கூடாது, அவ்வளவுதானே? அப்படியானால் இனிமேல் எழுதவே முடியாதபடி முடித்துவிட்டால் வாக்கைக் காப்பாற்றியதாகத்தானே ஆகும்? சட்டத்தில் சந்து தேடிப் பதினெட்டு வருஷம் பழகிய மூளை அது. சுலபமாகக் கண்டுபிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்த கட்டுரைக்குத் தலைப்பு, 'என் குமாஸ்தா போய்விட்டார்'. ஆஸ்பத்திரிக் கட்டிலில் குமாஸ்தா கண்ணைத் திறந்து, "நாளைக்கு எந்தக் கேஸ் சார்?" என்று கேட்கிறார். "நாளைக்கு ஒண்ணும் இல்ல, தூங்குங்க" என்கிறார் வக்கீல். அவர் தூங்குகிறார். அந்த இடத்தை எழுதும்போது வக்கீல் நிஜமாகவே அழுதார். மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு காற்புள்ளியை எடுத்தார், மறுபடி போட்டார்.

இரண்டு மூட்டைக் கடிதம் வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த விளையாட்டுக் கட்டுரை என்று பரிசும் வந்தது.

ஆனால் கட்டுரை வந்த மறுநாளே, திங்கட்கிழமை, மனைவி பரீட்சைப் பேப்பரோடு கடைக்குப் போனவர் அப்படியே திரும்பி வந்தார். தாள்கள் உறையிலேயே இருந்தன.

"கடை வாசல்ல மாலை வெச்சிருக்காங்க" என்றார். "உள்ள அவர் நின்னுக்கிட்டிருக்கார். நான் வேற கடை பாத்துக்கறேன். கொஞ்சம் தூரம்தான். பரவாயில்ல."

மத்தியானம் போன் வந்தது. குமாஸ்தாவின் மகள். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து வக்கீல் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார். அவள் கத்தவில்லை.

"சார், எங்க அத்தை வெளியூர்ல இருக்காங்க. அப்பாவோட அக்கா. பேப்பரைப் பாத்துட்டு அழுதுக்கிட்டே பஸ் ஏறி வந்துட்டாங்க. கடைக்குள்ள அப்பாவைப் பாத்ததும் அங்கேயே படியில உட்கார்ந்துட்டாங்க. இப்போ வரைக்கும் பேச்சு வரலை. ஆஸ்பத்திரியில வெச்சிருக்கோம்."

"அடடா. அது... கதைதானேம்மா. யாரும் இப்படி நெனப்பாங்கன்னு..."

"எங்கப்பாவால உங்க தொழிலே போச்சுன்னு எனக்குத் தெரியும் சார். நாங்க யாரும் அதை மறக்கலை. நீங்க எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்ல, சிரிப்பாவே எழுதிட்டுப் போயிட்டீங்க. நன்றியோடதான் இருந்தோம். ஆனா அதுக்காக மனுஷனைச் சாகடிக்கணுமா சார்?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். உன் அப்பா எதையும் மறந்ததில்லை என்று ஒரே ஒரு வாக்கியம். அது அவர் தொண்டை வரைக்கும் வந்தது. மகளிடம் சொல்ல வேண்டாம் என்று குமாஸ்தாவே சொல்லியிருக்கிறாரே என்று உடனே நினைவு வந்தது. அந்த நினைவு வந்ததும் அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் சட்டென்று இறங்கியது.

"இது பத்திரிகைக்காரங்க பண்ண வேலைம்மா" என்றார். "தலைப்பு அவங்க வெச்சது. அப்பாகிட்ட போனைக் கொடு, நான் பேசறேன்."

மறுமுனையில் அவள் கையால் போனை மூடிக்கொண்டு பேசுவது கேட்டது. பிறகு வந்தாள்.

"அப்பா பேச மாட்டேன்றாரு. உங்களுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லைன்னாரு."

அத்தைக்குப் பேச்சு திரும்பப் பதினேழு நாள் ஆனதாக மனைவிதான் எங்கேயோ கேட்டுவந்து சொன்னார். கடையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டார்களாம். செத்தவர் படத்தை வாசலில் வைத்திருந்தால் வாடிக்கையாளர்கள் தயங்குகிறார்களாம். குமாஸ்தாவைப் பின்பக்க மெஷினுக்கு மாற்றிவிட்டார் மருமகன்.

பரிசு வாங்கின சூட்டில் இன்னும் ஒரு வருஷம் பத்தி ஓடியது. பிறகு ஆசிரியர் மரியாதையாக நிறுத்திக்கொண்டார். இப்போது அந்தப் பக்கத்தில் சமையல் குறிப்பு வருகிறது. வீட்டில் மனைவி பேசாமல் இல்லை. பால் தீர்ந்துபோச்சு, மின்சாரம் எப்போது வரும், கதவைச் சாத்துங்கள் என்று தேவையானதெல்லாம் பேசுகிறார். வக்கீல் வாரத்தில் நாலு நாள் கிளப்புக்குப் போகிறார். மச்சானுக்கு முழங்கால் போய்விட்டது. யார் கிடைக்கிறார்களோ அவர்களோடு ஆடுகிறார்.

போன வாரம் கிடைத்தவர் ஒரு பல் டாக்டர். கிளப்புக்குப் புதுசு. மூன்றாவது குழியில்தான் அவருக்கு, கூட ஆடுகிறவர் யார் என்று பிடிபட்டது.

"நீங்கதானா அது? என் மனைவி அந்தக் கட்டுரையை வெட்டி வெச்சிருக்கா சார். படிக்கும்போதெல்லாம் அழுவா." டாக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கலாமா? கடைசியில அவர் ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

வக்கீல் பந்துக்கு மேல் குனிந்திருந்தார். நிமிர்ந்தார். மைதானத்தில் வேறு யாரும் இல்லை. எதிரே குழியில் நட்டிருந்த கொடி அசையாமல் தொங்கியது.

"இல்ல டாக்டர்" என்றார். "தூக்கத்திலேயே போயிட்டார். பக்கத்துல நான் இருந்தேன்."

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் ஒரு நிமிஷம் அவருக்காகக் காத்திருந்துவிட்டு, கால்களைச் சரியாக அகட்டி நின்று, பந்தை அடித்தார்.